கண்ணேறுப் பானை

செங்கோட்டையன் தன் வாயாலேயே கெட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி சௌந்திரத்தின் கைவேலை. அதைத் தெரிந்தவர்கள் அன்றைக்கு இரண்டே பேர்.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் அது. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற பாதையில், காட்டுக்கு நடுவே நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு வளவில் சௌந்திரம் இருந்தாள். அப்பன் இல்லை. அவளும் அம்மா பூவாத்தாளும்தான். கொஞ்சம் மானாவாரிக் காடு, இரண்டு மாடு, மாட்டுக் கொட்டகைக் கூரை இறங்குகிற இறவாணத்தில் வரிசையாகத் தேன் பானைகள்.

தேனீயைக் கையைப் பிடித்துக் கூட்டி வர முடியாது. வரவழைக்கத்தான் முடியும். அடுப்பில் அடிபட்ட பழைய பானையை எடுத்துத் தணலில் வாட்டி, பழைய அடையை உருக்கிய மெழுகை உள்ளே சுற்றிலும் தேய்க்க வேண்டும். வாயை ஓட்டுத் துண்டால் மூடி மண் பூச வேண்டும். வயிற்றில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அப்புறம் மரக்கவையிலோ கூரையிலோ கட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். காட்டில் இடம் தேடித் திரிகிற கூட்டம் மெழுகு வாசத்துக்கு வந்து பார்க்கும். பிடித்தால் குடி வரும். வேலையில் பாதி மெழுகு, பாதி காத்திருப்பது. மெழுகு யார் வேண்டுமானாலும் தேய்ப்பார்கள். காத்திருக்கிறவர்கள்தான் குறைவு. சௌந்திரம் காத்திருப்பாள்.

அந்த ஐப்பசியில் ஆட்டையாம்பட்டிப் பெரியசாமி தன் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தார். கிணறும் தறியும் உள்ள குடும்பம். பையனை அவள் தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தாள். பிடித்திருந்தது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே உப்புச்சக்கரை மாற்றிவிடுவது என்று பேச்சு. உப்பும் சக்கரையும் கைமாறிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை ஊர் மனுஷனாக மதிக்காது. அப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பன்தான் அப்பன். அதனால் பெண் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டிய வாய், அவள் அப்பனின் அண்ணன் செங்கோட்டையனுடைய வாயாக இருந்தது.

உப்புத் தட்டை எடுக்கிற நேரத்தில் வாசலில் இரைச்சல் கேட்டது. மழை விட்ட வெயிலில் ஒரு தேனீக் கூட்டம் உள்ளே புகுந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த ஆசாரத்து முன்கூடத்தின் விட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் போலத் தொங்கிற்று. அட்டாலிப் பரணில் சௌந்திரம் மெழுகு உருண்டை வைத்திருந்தாள். அந்த வாசத்துக்கு வந்தவை. வேறு மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

"பயப்படாதீங்க, கொட்டாதுங்க. இந்தா, பானையில எடுத்தர்றேன்" என்று அவள் எழுந்தாள்.

செங்கோட்டையன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கென்னமோ மனசுக்குச் சரியாப் படலீங்க. தேன் வந்து அடைஞ்ச ஊடு பாழாப் போகும்னு பெரியவங்க சொல்லுவாங்க. எந்தம்பி ஊடு, நானே சொல்லக் கூடாது. ஆனா பொண்ணு எடுக்கறவங்ககிட்ட மறைக்கவும் கூடாது பாருங்க."

எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்றால், சபையில் ஒருத்தர் காதுக்கும் தப்பவில்லை. பெரியசாமியின் மனைவி உப்புத் தட்டைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள்.

மாதம் முடிவதற்குள் செய்தி வந்தது. பெரியசாமி மகனுக்குச் செங்கோட்டையன் தன் மகள் செல்லாயியையே பேசி முடித்துவிட்டார். நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாதாம்! புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். வீடு முடிந்ததும் அங்கேயே உப்புச்சக்கரை.

வந்தவர்கள் போன அன்றைக்கே பூவாத்தாள் அழுதுகொண்டே தீப்பந்தம் கட்டினாள். "அந்தச் சனியனச் சுட்டுப் போடு சாமி."

"குத்தம் பண்ணுனது பெரியப்பன் வாயி. இதுக என்ன பண்ணுச்சும்மா?" என்று சொல்லி, சௌந்திரம் அந்தக் கூட்டத்தைக் கையால் வழித்துப் பானையில் விட்டாள். விரலில் நாலைந்து கொட்டின. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. அழுகையும் வரவில்லை. கோபம் வந்தது, வந்த கோபம் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஊரில் பேரே மாறிப் போயிற்று. தேனடைஞ்ச ஊட்டுப் புள்ள. தரகர் அந்த வளவுப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. தண்ணீர் சேந்தும் இடத்தில் பெண்கள் அவள் குடத்தோடு தங்கள் குடம் இடிக்காமல் தள்ளி வைத்தார்கள். பூவாத்தாள் சந்தைக்குப் போவதை விட்டாள். சௌந்திரத்துக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வார்த்தையை அந்த ஆள் தின்ன வேண்டும். அதே வாயால், சபை நடுவில், அதே பெரியசாமி பார்த்திருக்கத் தின்ன வேண்டும். அதுவரைக்கும் அவளுக்குச் சோறு சோறாக இறங்கப் போவதில்லை.

எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. அதைச் செங்கோட்டையனே சொல்லி அனுப்பினார்.

தை பிறந்து, புது வீட்டுக்கு ஓடு மேய்ந்து முடித்திருந்தார்கள். ஒரு நாள் செல்லாயி வந்தாள். செல்லாயி வாயாடி, மனசில் கள்ளம் இல்லாதவள். சின்ன வயசிலிருந்து இந்தக் கொட்டகையில்தான் கிடப்பாள். சௌந்திரத்தோடு சேர்ந்து பானைக்கு மண் பூசியிருக்கிறாள், மெழுகு தேய்த்திருக்கிறாள். சம்பந்தம் பேசிய பிறகு வரத் தயங்கியவளைச் சௌந்திரம்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினாள், சிரித்தாள்.

"அக்கா, ஒரு கரிப்பானை குடுக்கா. கண்ணேறுக்கு முன்வாசல்ல கட்டோணுமாம். எங்கூட்ல எல்லாம் பித்தளையாப் போச்சு. மண்பானை ஒண்ணுகூட இல்லீன்னு அப்பா வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமை அடிச்சாரு. இப்பக் கரிப்பானைக்கு அலையறாரு."

புது வீட்டுக்குக் கண்ணேறு கழியக் கட்டுகிற பானை புதுப்பானையாக இருக்கக் கூடாது. அடுப்பில் இருந்து கரியேறிய பானைதான் ஆகும். அதில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் எழுதிக் கட்டினால் பார்க்கிறவன் கண் பானை மேல் விழும், வீட்டின் மேல் விழாது. பித்தளைக்குக் கண்ணேறு கழிக்கத் தெரியாது, பாவம்.

சௌந்திரத்துக்கு வழி தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நாளைக்கு வா கண்ணு. மூஞ்சி எழுதியே வெக்கறேன்."

அன்று பொழுதுக்கும் அவள் பானையை வாட்டினாள். இருக்கிற மெழுகிலேயே பழைய, கறுத்த மெழுகாக எடுத்து உள்ளே தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள். வாயை மூடி மண் பூசினாள். வயிற்றில் உருட்டி விழிக்கிற இரண்டு கண், கோரைப் பல், பல்லுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

மறுநாள் செல்லாயி பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாய்ல என்னக்கா ஓட்டை?"

"கண்ணேறு உள்ள போயி அடைபடோணுமில்ல? வழி இல்லாம எப்படிப் போகும்?"

"மெழுகு வாசம் அடிக்குது."

"தேன் பானைக்குப் பக்கத்துல கெடந்த பானை, வேற என்ன வாசம் அடிக்கும்?"

செல்லாயி நம்பினாள். அக்கா சொன்னால் நம்புகிறவள் அவள். பானையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து போனதைப் பார்க்கையில் சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. அதை அவள் உடனே துடைத்துப் போட்டாள். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பதம் வந்திருந்தது. வெட்டுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பதம் தப்பிப் போகும்.

இரண்டு காடு தள்ளிப் புது வீடு. செங்கோட்டையன் ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே பானையை முன்வாசல் உத்தரத்தில் கட்டினார். கீழே இறங்கி நின்று அழகும் பார்த்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிச் சௌந்திரம் கேள்விப்பட்டிருக்கிறாள்; கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இனி அவள் வீட்டுப் பக்கம்தான் வேலை. ஐப்பசியில் விட்டத்திலிருந்து வழித்த அந்தக் கூட்டம் கொட்டகையில் நன்றாகப் பெருகியிருந்தது. மாவும் முருங்கையும் பூத்த நேரம். புகை காட்டி மூடியை நீக்கிப் பார்த்தாள். அடையின் அடியில், நிலக்கடலைக் காய் தொங்குகிற மாதிரி ராணிக் கூடுகள். அவற்றின் நுனி காய்ந்து பழுத்தால் பாதிக் கூட்டம் பழைய ராணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறும். வேறு வீடு தேடும். சௌந்திரம் கொட்டகையிலும் மரங்களிலும் கட்டியிருந்த காலிப் பானைகளை எல்லாம் அவிழ்த்தாள். தண்ணீரில் ஊறப்போட்டு வாசம் போகக் கழுவிக் கவிழ்த்தாள். பனைமரப் பொந்தில்கூட மண் வைத்து அடைத்தாள். சுற்று வட்டாரத்தில் நல்ல வீடு ஒன்றுதான் இருக்க வேண்டும். அது பல்லை இளித்துக்கொண்டு செங்கோட்டையன் வாசலில் தொங்கியது.

மாசியில் உப்புச்சக்கரைக்கு நாள் குறித்தார்கள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் கூட்டம் முந்திக்கொள்ளுமோ, பிந்திப் போகுமோ என்பதுதான். கூடுகளின் நுனி பழுத்த நேரத்தில் மூட்டம் போட்டது. மூட்டத்தில் தேனீ வீடு மாறாது. நல்லதாகப் போயிற்று, மேகமே அவளுக்காகக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தி வைத்தது. வானம் வெளுத்தது அந்த நாள் காலையில்.

பங்காளி இல்லாமல் உப்புச்சக்கரை மாற்ற முடியாது. அதனால் பாழடைந்த வீட்டுக்காரியானாலும் பூவாத்தாளுக்கு அழைப்பு உண்டு. "நீங்க முன்னால போங்கம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று சௌந்திரம் பின்தங்கினாள். வெயில் ஏறியது. கொட்டகைப் பானையின் ஓட்டையிலிருந்து தேனீக்கள் தானியம் கொட்டுவது போல வெளியே வந்தன. முற்றம் முழுக்கச் சுற்றின. பிறகு முருங்கைக் கிளையில் கொத்தாகக் கூடித் தொங்கின. நோட்டக்காரர்கள் பார்த்து வைத்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் கூட்டம் கொஞ்ச நேரம் இப்படித்தான் ஆலோசனை பண்ணும்.

"போங்க சாமிகளா. வழி தெரியுமில்ல?" என்றாள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

புது வீட்டில் பந்தல் நிறைய ஆட்கள். பெரியசாமி, அவர் மனைவி, வெள்ளை வேட்டியில் பையன். செல்லாயி நகை பூட்டித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சௌந்திரம் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள். கண் மட்டும் உத்தரத்தை விட்டு அகலவில்லை. பானையின் பல்லுக்கு நடுவே நாலு தேனீ நுழைந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் பத்து. பிறகு எண்ண முடியவில்லை. பந்தலில் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. செங்கோட்டையன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, இந்த வீட்டில் ஜன்னல் எத்தனை, கதவு எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியசாமியின் மனைவி உப்புத் தட்டை எடுத்தாள்.

அப்போது காட்டுப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. பந்தலின் மேல் நிழல் ஓடிற்று. அடுத்த நொடி வாசலே தேனீயாக இருந்தது. பெண்கள் சேலையை இழுத்து முகத்தை மூடினார்கள். ஆண்கள் துண்டை வீசினார்கள். கூட்டம் யாரையும் சட்டை பண்ணவில்லை. நேராகப் பானை முகத்தில் போய் அப்பி, பல்லுக்கு நடுவே வரிசை வரிசையாக உள்ளே இறங்கியது. ஒருத்தரையும் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் இரண்டு நாளில் ஆறிப் போயிருக்கும். இது ஆறுகிற காயம் இல்லை.

சத்தம் அடங்கியபோது பெரியசாமியின் மனைவி தட்டைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் இழுத்த அதே இழுப்பு. எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். செல்லாயி மட்டும் பானையைப் பார்க்கவில்லை, சௌந்திரத்தைப் பார்த்தாள்.

செங்கோட்டையனுக்கு முகம் செத்துப் போயிருந்தது. ஆனால் நாக்கு சாகவில்லை. "மகாலட்சுமிங்க!" என்று கையை விரித்தார். "புது ஊட்டுக்குத் தேன் வந்து அடையறதுன்னா சும்மாவா? தேன் அடைஞ்ச ஊடு தழைச்சுப் போகும்னு பெரியவங்க சொல்லுவாங்க! தட்ட நீட்டுங்க தங்கச்சி."

சௌந்திரம் குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"ஏனுங்க பெரியப்பா, எந்தப் பெரியவங்க? ஐப்பசியில சொன்னாங்களே அவுங்களா, இவுங்க வேற பெரியவங்களா?"

பின்வரிசையில் யாரோ கக்கென்று சிரித்தார்கள்.

"சபையில என்ன பேச்சு புள்ள இது? போயித் தண்ணிய ஊத்து."

"ஊத்தறேனுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லீருங்க. தேன் வந்தா பாழுங்களா, லட்சுமிங்களா? பாழுன்னா இந்த ஊடும் பாழுங்க. லட்சுமின்னா, எங்கூட்டுக்கு வந்த லட்சுமிய நீங்க சபை நடுவுல பாழுன்னு சொல்லி முடுக்குனீங்க. ரெண்டுல எதுங்க?"

செங்கோட்டையன் வாயைத் திறந்தார். பானை வாயில் தேனீ போவதும் வருவதுமாக இருந்தது. அவர் பெரியசாமியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தன் கையாலேயே கட்டிய பானையைப் பார்த்தார்.

"லட்சுமிதான்" என்றார் கடைசியில்.

"கேக்கலீங்க பெரியப்பா."

"லட்சுமிதான் சாமி. லட்சுமிதான்."

தின்றுவிட்டார். முழுசாக, மென்று, ஊர் பார்க்க. சௌந்திரத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது.

பெரியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப அன்னிக்கு எங்களைக் கூட்டி வெச்சு ஏமாத்துனீங்க. தேன் வந்தா என்ன, தேள் வந்தா என்னங்க, அது கழிச்சுக்கலாம். ரெண்டு நாக்கு இருக்கிற ஊட்ல நாங்க உப்புத் திங்கறதுக்கில்லை." தட்டும் உப்புமாகப் புறப்பட்டுவிட்டார்கள். செங்கோட்டையன் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். அதையும் சௌந்திரம் நின்று பார்த்தாள்.

வண்டி போகிற வழியில்தான் அவள் வீடு. தாயும் மகளும் குறுக்கு வரப்பில் வந்து சேர்ந்தபோது வாசலில் அந்த வண்டி மாடு அவிழ்த்து நின்றது.

"தாயி, நாங்க அன்னிக்குப் பண்ணுனது தப்பு" என்றார் பெரியசாமி. "உப்புச்சக்கரை வண்டியிலதான் இருக்குது. உங்கம்மா சரீன்னா இப்பவே மாத்திக்கலாம்." பையன் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

சௌந்திரம் உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீரில் தேன் கரைத்துக் கொண்டுவந்தாள். ஆளாளுக்கு ஊற்றினாள். எல்லாரும் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

"பாழடைஞ்ச ஊட்ல தண்ணி குடிச்சுட்டீங்க. எனக்கு அது போதுமுங்க" என்றாள். "ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தைக்கு எந்திரிச்சுப் போனவங்க, நாளைக்கு இன்னொருத்தர் சொன்னாலும் எந்திரிப்பீங்க. வெயில் ஏறுது. வண்டியப் பூட்டிக்குங்க."

பூவாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சௌந்திரம் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் செல்லாயி வந்தாள். நகையெல்லாம் கழற்றியிருந்தாள். இடுப்பில் அந்தப் பானை. பல்லுக்கு நடுவில் துணி அடைத்திருந்தாள். உள்ளே இரைச்சல் கேட்டது.

"அப்பா ஒடைக்கச் சொல்லீட்டாரு" என்றாள். "மனசு வரல. இதுக என்ன பண்ணுச்சு?"

கொட்டகையில் பானையை இறக்கி, சின்ன வயசில் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"மெழுகு வாசம் அடிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனில்லக்கா."

ஒரு பொய் சௌந்திரத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "ஆமா. நாந்தான்."

"தூக்கிட்டுப் போனது நானு. எங்கையால." செல்லாயி கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சுக்கா."

"எனக்குந்தான் புடிச்சிருந்துச்சு."

செல்லாயி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சௌந்திரம் எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் சொல்ல வார்த்தைகூட வைத்திருந்தாள். செல்லாயி திட்டவில்லை. பானை வாயிலிருந்த துணியை மெல்ல உருவி, முதல் தேனீ வெளியே வந்து எட்டிப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"மெழுகு தேய்க்க எனக்குத் தெரியும். மண்ணு பூசவும் தெரியும். நீதான் சொல்லிக் குடுத்தே" என்றாள். "ஆனா அத்தன நாளா மூஞ்சியில ஒண்ணும் காட்டாம, என்னையக் கூப்புட்டுக் கூப்புட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே காத்துக்கிட்டு இருந்தே பாரு, அது மட்டும் எனக்கு வராது. அத எனக்குச் சொல்லிக் குடுக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய செல்லாயியின் சிரிப்பு மாதிரியேதான் இருந்தது.

சௌந்திரம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க இனிமேல் எதுவும் பாக்கி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.